கோழிகளின் சம்மதம்

ரோமாபுரியில் போருக்குப் புறப்படும் முன் கோயில் கோழிகளுக்குத் தானியம் போடுவார்கள். அவை கொத்தித் தின்றால் தெய்வம் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். தின்னாவிட்டால் படை கிளம்பாது. படை கிளம்பினால் கோழிகளும் கூண்டோடு கப்பலேற வேண்டும். புள்ளிக்கோழிக்குக் கடல் என்றாலே குமட்டும்.

"இந்தச் சக்கரவர்த்தி வருவதற்கு முன், இரண்டு தலைவர்கள் சேர்ந்து ஆண்ட காலமே தேவலையடி" என்றது அது. "போர் வேண்டும் என்றவர் நம்மைப் பட்டினி போடுவார். வேண்டாம் என்றவர் பின்வாசல் வழியாக வந்து வயிறு முட்டத் தீனி வைப்பார். வருஷம் முடிந்ததும் இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்."

"சக்கரவர்த்தி பொன் கூண்டு கொடுத்திருக்கிறாரே!" என்றது செங்கோழி.

"மூன்று நாளாகத் தீனி கொடுத்தாரா?"

மறுநாள் சபை கூடியது. தானியம் விழுந்தது.

"தின்றால் கண்ணைக் கொத்திவிடுவேன்" என்று செங்கோழியை மிரட்டிவிட்டு, புள்ளிக்கோழி அலகை இறுக மூடிக்கொண்டு நின்றது. ஒரு மணி தானியம்கூடக் குறையவில்லை.

கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் பூசாரி குனிந்து தானியத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சக்கரவர்த்தியின் முகத்தைப் பார்த்தார்.

"தின்றுவிட்டன!" என்று கூவினார்.

சபையோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் தெய்வத்தின் கருணையை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கப்பல் ஆடியது. புள்ளிக்கோழி கூண்டின் மூலையில் சுருண்டு கிடந்தது.

"வருத்தப்படாதேடி" என்றது செங்கோழி. "என்ன இருந்தாலும், நம்மைக் கேட்காமல் அவர் எதையும் செய்வதில்லை."