தொட்டி தெளிந்தபோது

கணவன் வெளியூரிலிருந்து திரும்பும் நாளில், பவளங்கள் வளரும் அவனுடைய மீன் தொட்டி பாலாக வெளுத்துவிட்டது. அவள் போன் செய்தாள்.

"அக்கா, பவளத்துக்குத் தனித்தனியா ஊத்த வேண்டிய கால்சியத்தையும் காரக் கரைசலையும் ஒண்ணா ஊத்திட்டேன். அவர் பார்த்தா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவார்!"

"அழாதே. ரெண்டும் சேர்ந்தா சுண்ணாம்பாத் திரிஞ்சிடும். இனி எதையும் ஊத்தாதே. கலந்து வெச்ச உப்புத் தண்ணி இருக்குல்ல? கொஞ்சங் கொஞ்சமா மாத்து."

மாற்றினாள். மாலைக்குள் தண்ணீர் தெளிந்தது. ஆனால், சோதித்துப் பார்த்தால் காரத்தன்மை அதலபாதாளத்தில் இருந்தது. மறுபடியும் அக்காவை அழைத்தாள்.

"அவசரப்பட்டு ஏத்திடாதே, பவளம் தாங்காது. இன்னைக்குக் காரம் மட்டும், சொட்டுச் சொட்டா. கால்சியம் நாளைக்கு."

சுருங்கிக் கிடந்த பவளங்கள் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கியதும்தான் அவளுக்கு மூச்சே வந்தது. அக்கா இன்னும் போனில் இருக்க, அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

"போன்ல யாரு?" என்றான் கணவன்.

"அக்கா."

"உனக்கேது அக்கா? நீ ஒத்தைப் பொண்ணாச்சே!"

அவள் போனை அணைக்கவில்லை.

"இந்தப் பவளத்தையெல்லாம் வளர்த்தவங்க. விவாகரத்தப்போ தொட்டியைக்கூட விடாம அவங்ககிட்டேருந்து தூக்கிட்டு வந்தீங்களே, அந்த அக்கா."