வளைந்த திரை

"உக்காந்தா எந்திரிக்கவே தோணக்கூடாதுங்க. அந்த மாதிரி எது?"

பிரவீனா இப்படிக் கேட்டதும் ராமப்பன் சிரித்துவிட்டார். ஓசூர் பாகலூர் சாலையில் வெகுகாலமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். படம் தெளிவாக இருக்க வேண்டும், கண் வலிக்கக் கூடாது என்றுதான் மானிட்டர் வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை.

யாருக்கு என்று விசாரித்தார்.

ஃப்ரெண்டுக்கு என்றாள். புது வீட்டுக்குப் போகிறார்கள், பால் காய்ச்சுகிற அன்று கொடுக்க வேண்டும். கேம் விளையாடத்தான்.

அவர் மூன்று மானிட்டர்களில் ஒரே கார் பந்தயத்தை ஓடவிட்டார். முதலாவதில் கார் திரும்பும்போது படம் லேசாக இழுபட்டது. இரண்டாவதில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவளுக்கு அது போதவில்லை.

மூன்றாவது இரண்டு பக்கமும் உள்ளே வளைந்திருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்ததும் கடையே காணாமல் போனது. பக்கத்தில் ஒருவர் கன்னடத்தில் பிரிண்டர் மைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தது எங்கோ தூரத்தில் கேட்டது.

இதுதான் என்றாள்.

காதை முழுசாக மூடுகிற ஹெட்போனும் ஒன்று வேண்டும் என்றாள்.

பரிசுத் தாளில் சுற்றிவிட்டு, என்ன பெயர் எழுதுவது என்று கேட்டார் ராமப்பன். ஹரீஷ்குமார் என்றாள். அவர் ஒரு மாதிரி புன்னகைத்தார். அவர் என்ன நினைக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஹரீஷ்குமார், சுசித்ராவின் கணவன்.

சுசித்ராவும் அவளும் செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் ஒரே லைனில் நின்றவர்கள். உத்தனப்பள்ளிப் பக்கத்து ஹாஸ்டலில் ஒரே அறை. ஷிப்ட் முடிந்து வந்ததும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார்கள். சூப்பர்வைசர் நடக்கிற நடை, கல்லாவியில் சுசித்ராவின் அம்மா வளர்க்கிற ஆடுகள், எதுவாக இருந்தாலும் சரி. பேசிக்கொண்டே இருக்கையில் சுசித்ராவின் வார்த்தைகள் குழறும். அப்புறம் மூச்சு மட்டும் கேட்கும்.

அதையும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் பிரவீனா தூங்குவாள்.

கல்யாணமாகி வேலையை விட்டுப் போன பிறகும் சாயங்காலமானால் சுசித்ராவிடமிருந்து போன் வந்துகொண்டுதான் இருந்தது. ஹரீஷின் மானிட்டர் கெட்டுப்போகும் வரைக்கும்.

அவன் வேலை செய்கிற இடத்தில் கேமரா போனை உள்ளே விடமாட்டார்கள். அதனால் அவன் வைத்திருந்தது வெறும் பட்டன் போன். வீட்டுக்கு வந்ததும் சுசித்ராவின் போனை வாங்கி அதில் விளையாட ஆரம்பித்தான். யாராவது கூப்பிட்டால் ஆட்டம் நின்றுபோகும் என்று வெட்டிவிடுவான். பகலில் பேசலாம் என்றால் பிரவீனாவின் போன் கம்பெனி லாக்கரில் கிடக்கும்.

அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை. கல்யாணத்தன்று பந்தியைச் சுற்றி வந்தவன், பிரவீனாவின் இலையைப் பார்த்துவிட்டு, இங்கே இன்னும் கொஞ்சம் பாயசம் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவன். அப்படிப்பட்ட ஆள்.

பால் காய்ச்சுகிற அன்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் மத்திகிரிக்குப் போனாள். ஹரீஷ் பிரித்துப் பார்த்துவிட்டு அப்போதே மேசையைத் துடைத்து அதை எடுத்து வைத்தான். பிரவீனாவின் கையைப் பிடித்த சுசித்ரா, அடுத்த விருந்தாளி வாசலுக்கு வரும் வரை விடவில்லை.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது.

அதற்கடுத்த நாளும் வந்தது. தண்ணீர் வராதது, பக்கத்து வீட்டுக்காரி தெலுங்கில் திட்டுவது, இட்லி மாவு புளிக்காதது என்று சுசித்ரா சொல்லிக்கொண்டே போனாள். பிரவீனா கம்பெனி லைனில் நிற்கும்போதும் காரணமில்லாமல் சிரித்தாள். என்ன விஷயம் என்று பக்கத்தில் நிற்பவர்கள் கேட்கிற அளவுக்கு.

ஒரு சாயங்காலம் சுசித்ரா சரியாகப் பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. உடம்பு சரியில்லையா என்று பிரவீனா கேட்டாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லடி. எம்போன்ல வெளையாடறப்ப எம்பக்கத்துல படுத்துக்கிட்டுதான் வெளையாடுவாரு. எங்கை மேல தலைய வெச்சுக்குவாரு. இப்ப வந்ததும் அந்த ரூமுக்குள்ள போயிடறாரு. அவரு இங்கதான் இருக்காரு பிரவீனா, ஆனா எனக்கு அவரத் தேடுது."

அழுதுகொண்டே பேசினாள். அவன் தலை கனத்து அவள் கை மரத்துப்போகும், ஆனாலும் எடுக்கமாட்டாளாம். அதையெல்லாம் சொன்னாள்.

பிரவீனா ஹாஸ்டல் கட்டிலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். எதிர்க் கட்டிலில் புதிதாக வந்த பெண் போர்வையை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

போய் அவன் தோளைத் தொட்டு, இதையே அவனிடம் சொல் என்று சொல்லியிருக்கலாம். சுசித்ரா போயிருப்பாள். அவனும் அப்போதே வந்திருப்பான்.

"ம்," என்றாள் பிரவீனா. "சொல்லு. நான் கேட்டுட்டுதான் இருக்கேன்."