முன்பின் தெரியாதவர்கள்

மலைமேல் அந்தப் பெண்ணின் இடத்துக்குப் போகும் வழி, கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரியும். அதுதான் இப்போது வம்பாகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது அவருடைய மனைவி.

சனிக்கிழமைதோறும் கடையை மத்தியானமே பூட்டிவிட்டு, வீட்டில் செஸ் கிளப் என்று சொல்லிவிட்டு, இதே பஸ்ஸில்தான் அவர் ஏறுவார். இன்றைய பயணத்துக்கு ஏற்பாடு செய்தது மகள். கல்யாண நாள் பரிசாம். மலைமேல் ஒரு சிற்பத் தோட்டத்தில் புதுச் சிலைகள் வந்திருக்கின்றனவாம், ஜோடியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டுமாம்.

அவர் முழங்கால் வலி என்று சொல்லிப் பார்த்தார். மனைவியும் மலைப்பாதையில் தலை சுற்றும் என்று சொல்லிப் பார்த்தாள். மகள் இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள்.

"தைலம் எடுத்துட்டு வந்தீங்களா?" என்று மனைவி கழுத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

செவ்வாய்க்கிழமைகளில் தையல் வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவளுக்குக் கழுத்து வலி. செஸ் கிளப்பில் சேர்ந்ததிலிருந்து அவருக்கு இடுப்பு வலி. வீட்டில் இருந்த ஒரே தைலப் புட்டிக்குக் கொஞ்ச நாளாகவே அடிதடி.

உண்மையில் அவர் செய்தது ஒன்றும் குற்றமில்லை. கடைக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வந்த அந்தச் சிற்பிப் பெண், அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "சார், உங்களை வச்சு ஒரு சிலை செய்யணும். வந்து உக்காருவீங்களா?" என்று கேட்டாள். அந்த முகத்தை அதுவரை யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்ததில்லை. மனுஷர் குளிர்ந்துபோய்த் தலையாட்டிவிட்டார்.

அதை வீட்டில் சொல்ல முடியுமா? ஒரு தடவை மீசையை மாற்றி வெட்டியதற்கே, மனைவி தன் அக்கா தங்கைகள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சிரித்தவள். சிலை விஷயம் தெரிந்தால் அவ்வளவுதான். "சிலை வந்திருக்கு, காப்பி குடுங்க" என்று ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

தோட்டத்து வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து வணக்கம் வைத்தார். கண்ணாடிக்கடைக்காரர் சட்டென்று ஆகாயத்தைப் பார்த்தார். நல்லவேளை, மனைவி கைப்பைக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

கல் எருமையையும் கம்பிக் குதிரையையும் அவர் ஊர்ந்து ஊர்ந்து சுற்றிப் பார்த்தார். பொழுது போய்விட்டால் மேலே ஏறாமலே தப்பித்துவிடலாம் என்று கணக்கு.

"மேல ஒண்ணும் இருக்காது. இப்படியே திரும்பிடலாமே" என்றாள் மனைவி.

அவர் வாய்கொள்ளாச் சிரிப்போடு சரி என்று சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்கு மேலே இருந்த கொட்டகையைத் தவிர வேறு இடமில்லை. இரண்டு பேரும் நனைந்துகொண்டே ஓடினார்கள்.

கொட்டகைக்குள் ஒரு நீளப் பெஞ்சு. அதன் இரண்டு கோடியில் வெண்கலத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். மூக்கையும் வாயையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அப்படி ஒரு வேலைப்பாடு. முழங்கால்மேல் விரித்து வைத்த கைகளைப் பார்த்த பிறகுதான் தன்னை அவருக்கே அடையாளம் தெரிந்தது. அந்தக் கைகளை அசைக்காமல் வைத்திருந்த கஷ்டம் அவருக்கல்லவா தெரியும். மறுகோடியில் இருந்த பெண்ணை இதற்குமுன் பார்த்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

கீழே ஒரு பலகையில் 'முன்பின் தெரியாதவர்கள்' என்று எழுதியிருந்தது.

மனைவி ஆண் சிலைக்கு நேராகப் போய் நின்றாள். அவர் தன் கைகளைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இந்த மனுஷனைப் பாருங்க" என்றாள். "யாரோ பேசறதை எவ்வளவு பொறுமையா காது குடுத்துக் கேக்கிறார். எனக்கும் ஒண்ணு வாய்ச்சிருக்கே, நான் வாயைத் திறந்தா பேப்பரை விரிச்சுக்கும்."

தப்பித்தோம் என்று இருந்தது. அடுத்த நிமிஷமே வயிறு எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு பாராட்டுக்கு ஏங்கியவர் அவர். இன்றைக்கு அது வந்தும், கை நீட்டி வாங்கிக்கொள்ள முடியவில்லை. அது நான்தான் என்று சொல்லத் துடித்த நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பக்கத்துல அந்தம்மாவைப் பாரு" என்று பதிலுக்கு விட்டார். "கழுத்தைச் சாய்ச்சு, என்ன ஒரு சாந்தமான சிரிப்பு. இவங்க வீட்டுக்காரர் குடுத்துவச்சவர்."

வெடுக்கென்று ஒன்று வந்து விழும் என்று காத்திருந்தார். அவளோ முகம் சிவந்து, நெற்றியில் விழுந்த ஈர முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"நிஜமாவா சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பொறாமைதான், வேறென்ன. அவருக்குப் பரம திருப்தி.

அந்தத் திருப்தி நிலைக்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு, கையெல்லாம் களிமண்ணோடு சிற்பியே உள்ளே வந்துவிட்டாள். அவர் மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார், தலையை ஆட்டினார், கும்பிடக்கூடச் செய்தார். அவர் கடையில் வாங்கிய கண்ணாடி முழுக்க மழைத்துளி. சிற்பிக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டாள். பெஞ்சில் இருந்த இருவரையும், எதிரில் நின்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அட, சனிக்கிழமை வந்து உக்காந்த சார். செவ்வாய்க்கிழமை வந்து உக்காந்த அம்மா. உங்களுக்குள்ள முன்னாலயே பழக்கமா?"