பூச்சு வேலை முடிந்தது

“நூறுன்னு போட்டுடு பாய். பத்தடி செவுருதான் பாக்கி கீது. திங்கக்கெயமை மத்தியானத்துக்குள்ள பூசிக் குடுத்துர்றேன்.”

மோகன் காலில் விழாத குறை. உத்திரமேரூரை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தில் பூச்சு வேலைக்கு அவன்தான் கொத்தனார். சைட் சூப்பர்வைசர் ஜமீர் கையிலிருந்த டேப்லெட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

முன்பெல்லாம் அவசரம் என்றால் எஞ்சினியர் தன் சட்டைப் பையிலிருந்து முன்பணம் எடுத்துக் கொடுப்பார். இப்போது சென்னை ஆபீஸ் புது சாஃப்ட்வேர் வாங்கி, பட்ஜெட்டின் ஒவ்வொரு ரூபாயையும் ஏதாவதொரு வேலையோடு முடிச்சுப் போட்டுவிட்டது. அந்த வேலை நூறு சதவீதம் என்று காட்டினால்தான் முடிச்சு அவிழும். தொண்ணூற்றொன்பது என்றால் சல்லிக்காசு பெயராது.

“பொய் எழுதச் சொல்றியா மோகன்? மாட்டிக்கினா என் வேலை காலி.”

“நாளைக்குப் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டலேன்னா நர்ஸிங் சீட்டு பூடும் பாய். நான் வேற யார்கிட்ட போவேன்?”

ஜமீர் வீட்டிலும் படிக்கிற பெண் இருக்கிறாள். மனசு கேட்கவில்லை, நூறு என்று தட்டினார். ‘பூச்சு வேலை’ பச்சையாக மாறி, அதன் கீழே வேலையாட்கள் பட்டியலில் இருந்த மோகனின் பெயர் தானாகக் கழன்றுகொண்டது. அதையெல்லாம் யார் கவனித்தார்கள்? அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே மோகனின் செல்லில் பணம் வந்து விழுந்தது.

திங்கட்கிழமை, சொன்ன சொல் தவறாமல், விடிந்ததும் வந்து சாரம் கட்டி ஏறினான். பதினோரு மணிக்குக் கயிறு அறுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து மேனேஜர் நந்தகுமார் காரில் வந்து இறங்கினார். மோகனின் மனைவி லீலாவதி மணல் குவியலோரம் உட்கார்ந்திருந்தாள். வேலையில் செத்தவருக்குக் கம்பெனி பத்து லட்சம் கொடுக்கும், பெண் படிப்பு நிற்காது என்று ஜமீர்தான் அவளைத் தேற்றி அழைத்து வந்திருந்தார்.

நந்தகுமார் டேப்லெட்டை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வேலை போனால் போகட்டும், செத்தவன் பெண்டாட்டி எதிரில் இனி எதை மறைப்பது என்று ஜமீர் துணிந்துவிட்டார்.

“சார், தப்புப் பண்ணிட்டேன். வேலை முடியறதுக்கு முன்னாடியே நூறுன்னு போட்டுட்டேன். என்னை வேணும்னா அனுப்பிடுங்க. இந்தம்மாவுக்குச் சேர வேண்டியத மட்டும் குடுத்துடுங்க சார்.”

நந்தகுமாருக்குக் கோபமே வரவில்லை. ஜமீரின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

“நீங்க ஒண்ணுமே சொல்லல, நானும் கேக்கல. ரெக்கார்டு கரெக்டா இருக்கு ஜமீர். உங்க வேலைக்கு நான் பொறுப்பு.”

பிறகு லீலாவதியிடம் போய், மரியாதையாகக் குனிந்து கேட்டார்.

“வெள்ளிக்கிழமையே முடிஞ்ச வேலைக்கு, உங்க வீட்டுக்காரர் எதுக்கும்மா சாரத்துல ஏறுனாரு?”