தூக்காத அக்கா

ஷிஃபா விழுந்துவிட்டாள்.

ஓடி வந்த வேகத்தில் கால்மிதி வழுக்கி, முகம் குப்புற.

ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு வீடே அதிரும்படி அழுகை.

அம்மா தில்ஷாத் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை, நாற்காலியில் கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்த அவளைத் தவிர.

அவளையும் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதுதான் விதி.

உளப்பகுப்பாய்வு படிக்கிறாள். பெரியவர்களோ குழந்தைகளோ, மனம் நொந்து வருகிறவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக் கேட்டே சரிசெய்கிற வைத்தியம். அதில் ஒரு பயிற்சி உண்டு. ஏதாவது ஒரு வீட்டுக்கு, குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு வருடம், வாரம் ஒரு மணி நேரம் போக வேண்டும். குழந்தையைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். தூக்கக் கூடாது. கொஞ்சக் கூடாது. அம்மாவுக்கு யோசனை சொல்லக் கூடாது. ஒரு கிலுகிலுப்பைகூட வாங்கிப் போகக் கூடாது. பார்க்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்கிறார்கள்.

பார்க்கத் தெரிந்துவிட்டது. மற்றதெல்லாம் இன்னும் வந்தபாடில்லை.

இன்றோடு அந்த இரண்டு வருடம் முடிகிறது.

படிப்புக்காகத்தான் இந்த ஊருக்கு வந்தாள். தனியாக ஓர் அறை. காலையில் அவளே ஒரு சோபாவில் படுத்துக்கொண்டு, தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மூத்த வைத்தியரிடம் மனதில் வருவதையெல்லாம் சொல்ல வேண்டும். அதுவும் படிப்பில் சேர்த்திதான். அவர் ‘ம்’ என்பார். சில நாள் அதுவும் கிடையாது. சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. பஸ்ஸில் இடிக்கிறவர்களை விட்டால் அவளைத் தொட்டவர்கள் யாரும் இல்லை.

ஒரே ஓர் ஆசை இருந்தது. போவதற்குள் இந்தக் குழந்தையை ஒரு தடவை தூக்கிவிட வேண்டும்.

யாரிடமும் சொல்லவில்லை. சோபாவில்கூட.

அழுகை ஏறிக்கொண்டே போனது. ரத்தம் இல்லை. மேலுதடு மட்டும் தடித்திருந்தது. பழக்கதோஷம், அதைக்கூடப் பார்த்துத்தான் வைத்தாள்.

விதியாவது மண்ணாவது.

நாற்காலியை விட்டு இறங்கி மண்டியிட்டாள். இரண்டு கைகளையும் நீட்டி, ‘வா’ என்றாள். அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் ‘வா’ அதுதான்.

ஷிஃபா அழுகையை நிறுத்தினாள்.

நீட்டிய கைகளைப் பார்த்தாள். வீட்டுக்குப் புதிதாக வந்த சாமானைப் பார்ப்பதுபோல.

பிறகு எழுந்தாள். அந்தக் கைகளைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். மாடிப்படியைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள்.

கைகள் அப்படியே நின்றன. எப்படி மடக்குவது என்று தெரியவில்லை.

தில்ஷாத் ஓடி வந்தாள். துணியைக் கீழே போட்டாள், குழந்தையை அள்ளினாள். அப்போதுதான் அந்தக் கைகளைக் கண்டாள். சிரித்துவிட்டாள்.

“உங்ககிட்ட வரமாட்டாக்கா. நீங்க தூக்கமாட்டீங்கன்னு அவளுக்கு நல்லாத் தெரியும்.”

பாராட்டாகத்தான் சொன்னாள். மாமியார் முதல் பக்கத்து வீட்டுக்காரி வரை வருகிறவர்கள் எல்லோரும் பிடுங்கித் தூக்குகிறவர்கள். குழந்தையை அதன் போக்கில் விட்டவள் இவள் ஒருத்திதான். அந்த மரியாதை தில்ஷாத்துக்கு உண்டு.

உதட்டில் ஐஸ் வைத்தாள். அழுகை அடங்கியதும் மகளை இறக்கிவிட்டு டீ போடப் போனாள்.

கை நீட்டியவள் இன்னும் தரையிலேயே இருந்தாள்.

எங்கிருந்துதான் வந்ததோ. முப்பது தாண்டியவள், பிறத்தியார் வீட்டில், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நன்றாகவே அழுதாள்.

ஷிஃபா வந்தாள்.

எட்டாத தூரத்தில் நின்றாள். கிட்டே வரவில்லை. பொம்மை எதையும் கொண்டுவந்து நீட்டவில்லை.

எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

பார்த்தாள்.

அடுப்படியிலிருந்து அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஷிஃபா கண்ணை எடுக்கவில்லை.