லாலாகுடா போன கேசரி

"பூனை தூரமாப் போகாது, பக்கத்துலதான் பதுங்கி இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் ஏம்ப்பா கிடைக்கலை?"

பாமாவுக்குக் குரல் உடைந்தது. நேற்று ராத்திரியிலிருந்து அவள் செய்யாதது ஒன்றுமில்லை. கேசரி படுக்கும் சாக்கை வாசலில் விரித்து வைத்தாள். பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே திருமுல்கேரி காலனியில் நின்ற ஒவ்வொரு காருக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். இன்று ஆபீசுக்கும் லீவு.

போன் மணி அடித்தது. எடுத்துப் பேசிய அப்பா அருணாசலம் சிரித்த முகத்தோடு திரும்பினார்.

"கிளம்பு. கேசரி லாலாகுடால ஒரு வீட்டுல இருக்காம்."

"லாலாகுடாவா! அவ்வளவு தூரம் எப்படிப்பா போச்சு?"

"ஏதாவது வேன்ல ஏறிப் படுத்திருக்கும். வா, வா."

மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டையோடு அவர் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆட்டோவிலிருந்து இறங்கிய பாமா சட்டென்று அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். வாசலில் நின்றவன் வாசு! பேகம்பேட் ஆபீசில் அவளோடு வேலை பார்ப்பவன். கல்யாணம் என்றால் இவனோடுதான் என்று அவள் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருப்பவன். 'காதல் கீதல் எல்லாம் நம்ம வீட்டுல நடக்காது' என்று சித்தப்பா பெண் விஷயத்தில் அப்பா போட்ட சத்தத்துக்குப் பிறகு, அவள் வாயே திறக்கவில்லை.

இருவரும் முன்பின் தெரியாதவர்கள் போல் நின்றார்கள்.

உள்ளே, வாசுவின் அம்மா ராஜத்தின் மடியில் கேசரி சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பாமா அதை வாரி எடுத்து அணைத்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"காபி சாப்பிடறியாம்மா?"

"நக்கோ ஆன்ட்டி, வேணாம்... இல்ல, குடுங்க."

பெரியவர்கள் பேச்சில் இறங்கியதும் பாமா வாசுவிடம் கிசுகிசுத்தாள். "திருடா! நீதானே தூக்கிட்டு வந்தே?"

"சத்தியமா நான் இல்ல! நைட் ஷிஃப்ட் முடிஞ்சு இப்பதான் வர்றேன். வந்து பார்த்தா அம்மா மடியில பூனை!"

திரும்பும் வழியில் அப்பாவே ஆரம்பித்தார். "பையன் நல்ல மாதிரி தெரியறான். அந்தம்மாவும் தங்கமானவங்க. உனக்குப் பார்க்கலாமா?"

"உங்க இஷ்டம்ப்பா." பாமா கேசரியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அருணாசலம் முகம் கழுவச் சட்டைக் கையை மடித்துவிட்டார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நகக் கீறல்கள், காய்ந்துபோய்.

பாமா திகைத்துப்போய்ப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னால பொண்ணைப் பிள்ளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற வழக்கம் நமக்கு இல்லையேம்மா. பூனையைத் தேடிப் போனா யார் கேப்பாங்க? நானும் அந்தம்மாவும் பேசி வச்சதுதான்." என்றார் அப்பா. "ஆனா ஒண்ணு, இதைக் கூடைக்குள்ள அடைச்சதைவிட, உன் வாயிலேர்ந்து வாசு பேரை வரவழைக்கறதுதான் பெரும்பாடா இருக்கு!"