மாவீரன் இறங்கிய படிகள்

"மாவீரன் ரேடியோவை உடைக்கலையாம்ணா. உடைச்சது பூனையாம்."

கதைக்காரர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யார் சொன்னது?"

"ஒரு வாடிக்கையாளர். நாப்பது நாளா இதையேதான் சொல்றாரு."

அவள் அந்த கேம் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தாள். நாற்பது நாளுக்குள் மூடாத புகார் மேலிடத்துக்குப் போகும். கூடவே அவளுடைய பதவி உயர்வும் போய்ச் சேரும். இன்றுதான் நாற்பதாவது நாள். அதனால் மூன்று மாடி ஏறி, கதை எழுதுகிறவரையே பிடிக்க வந்திருந்தாள்.

விவகாரம் இதுதான். ஏழு டிராகன்களை வெட்டிச் சாய்க்கும் மாவீரனுக்கு முன்கதை என்று ஒரு பெட்டி உண்டு. பெட்டி காலியாக இருந்தால் கேம் ஓடாது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று கதைக்காரர் ஒப்புக்கு நாலு வரி எழுதி வைத்தார். வேலை மும்முரத்தில் எல்லோரும் அதை மறந்தார்கள். கேம் கடைக்குப் போய்விட்டது.

'மாவீரன் தையற்கடை மாடியில் பிறந்தான். பத்தொன்பதாம் வயதில், தந்தையின் ரேடியோவை உடைத்தான் என்று அவன்மேல் பழி விழுந்தது. வெளியே போ என்றார் தந்தை. பன்னிரண்டு படி இறங்கிப் போனவன் திரும்பவே இல்லை.'

வாளும் மந்திரமும் இருக்கிற உலகத்தில் ரேடியோ எங்கிருந்து வந்தது என்று ஊரே சிரித்தது. ஒரு பத்திரிகை அந்த நாலு வரியையும் அப்படியே அச்சில் போட்டுச் சிரித்தது. கம்பெனித் தலைவருக்கு மானம் போயிற்று. இன்று நாலு மணிக்குப் புது முன்கதை ஏறும் என்று அறிவிப்புக் கொடுத்துவிட்டார். அதில் ஊர் எரியும். பெற்றோர் இருவரும் சாவார்கள். அப்பா அம்மா உயிரோடு இருந்தால் ஆயிரம் கேள்வி வரும் என்பது தலைவரின் வாதம்.

"அவர் எத்தனை டிராகன் வெட்டியிருக்காரு?" என்றார் கதைக்காரர்.

"அதுதாண்ணா வேடிக்கை. ஒரு நாள்கூட வாளைத் தொட்டதில்ல. தினம் காலையில கேமுக்குள்ள வர்றாரு, முன்கதையைத் திறந்து படிக்கிறாரு, எங்களுக்கு ஒரு புகார் எழுதறாரு, போயிடறாரு. வேலைவெட்டி இல்லாத ஆளு போல."

"பூனை தவிர வேற என்ன எழுதறாரு?"

அவள் கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "பூனைதான்னு மறுநாளே தெரிஞ்சுபோச்சாம், அதையும் முன்கதையில சேர்க்கணுமாம். கீழே இப்ப தையற்கடை இல்லையாம், சாவி செய்யற கடையாம். இல்லாத வீட்டுக்கு விலாசம் சொல்றாருண்ணா! நல்லா முத்திப்போச்சு."

கதைக்காரர் சிரிக்கவில்லை. அந்த மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்புறம், பன்னெண்டு படி இல்லையாம். பதினாலாம். இதை மட்டும் ஒம்பது தடவை எழுதியிருக்காரு."

"பன்னெண்டுதான்." வெடுக்கென்று வந்தது பதில்.

"நீங்க எழுதினதுதானேண்ணா, நீங்க சொல்றதுதான் கணக்கு. விடுங்க."

அவர் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல் மடக்கி எண்ணினார். ஓரிடத்தில் நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, இன்னும் இரண்டு விரலை மெதுவாக மடக்கினார். கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு மறை கழன்றிருக்கும் என்று கீழ்மாடியில் சொல்வது சரிதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மேசைத் தொலைபேசி அலறியது. தலைவரின் குரல் அவளுக்கே கேட்டது.

"என்னய்யா, அப்பா அம்மா செத்தாச்சா?"

"இன்னும் இல்ல தலைவரே."

"சீக்கிரம் கொல்லுய்யா. இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

கதைக்காரர் தொலைபேசியை வைத்தார். திரையில் ஊர் எரிந்து முடிந்திருந்தது. பெற்றோர் செத்துக் கிடந்தார்கள். அனுப்பும் பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி.

"இன்னிக்கு ஏதாவது எழுதினாரா?"

"எழுதாம இருப்பாரா?" அவள் வாய்விட்டுப் படித்தாள். "'இன்று நாலு மணிக்கு மாவீரனின் தந்தை இறந்துவிடுவார் என்று அறிவிப்புப் பார்த்தேன். தயவுசெய்து அவரைக் கொல்ல வேண்டாம். அவர் தன் மகனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியிருக்கிறது.' இதுக்கு நான் என்னண்ணா பதில் போடறது? 'தங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு போட்டு மூடிடட்டுமா? என் பொழப்பு இதுல மாட்டிக்கிட்டிருக்கு."

கதைக்காரர் ஊர் எரிந்த இடத்திலிருந்து பெற்றோர் செத்த இடம் வரை மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்தார்.

"அய்யோ! தலைவர் உங்களை வேலையை விட்டே தூக்கிடுவாருண்ணா!"

"தூக்கட்டும். போனைக் குடும்மா, பதிலை நானே எழுதறேன்."

வாங்கி எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். ஏழு டிராகனுக்கும் வசனம் எழுதிய கைக்கு இரண்டு வரி வர ஐந்து நிமிடம் பிடித்தது. கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விட்டால் போதும் என்று 'புகார் தீர்ந்தது' பொத்தானில் விரலை வைத்துக்கொண்டே அவள் படித்தாள்:

'படி பதினாலுதான், இறங்கறப்ப கடைசி ரெண்டை நான் எப்பவும் தாண்டிக் குதிச்சிடுவேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்ப்பா.'